பலகையை அறுக்கிறதுக்கு முன்னாடி ஸ்பீக்கரை அளந்துருங்க தம்பி

கோட்டையூர்ல ஐயா வீட்டு ரெண்டாங்கட்டைப் பிரிச்சப்ப கிடைச்ச பர்மா தேக்குப் பலகை ரெண்டு இருக்கு, பழைய டிவிலேர்ந்து கழட்டுன 3 இன்ச் ஸ்பீக்கர் ரெண்டு இருக்கு, இதை வச்சு கம்ப்யூட்டர் மேசைக்கு சின்னதா ஒரு ஜோடி ஸ்பீக்கர் கட்டணும், டப்பா எம்புட்டு பெருசு வேணும், ஓட்டை போட்டுக் குழாய் வைக்கணுமா, ட்வீட்டர் (கீச்சு சத்தத்துக்குன்னு இருக்கிற குட்டி ஸ்பீக்கர்) தனியா வேணுமான்னு தம்பி கேட்டிருந்தீங்க. நான் காரைக்குடில இருபது வருஷத்துக்கு மேல ஸ்பீக்கருக்கு கோன் (முன்னாடி ஆடுற கூம்பு) மாத்துறது, காயில் (அதை ஆட்டுற கம்பிச்சுருள்) மாத்துறது, மைக் செட் ரிப்பேர்னு இதே வேலைதான் பாக்குறேன், வீட்டுக்குன்னு சின்ன டப்பாவும் நெறைய கட்டிருக்கேன். அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

டப்பா எம்புட்டு பெருசுங்கிறதை நீங்களும் முடிவு பண்ண முடியாது, உங்க பலகையும் முடிவு பண்ண முடியாது, ஸ்பீக்கர்தான் முடிவு பண்ணும். நான் முதமுதல்ல கட்டுன ஜோடி அப்படியே உங்க கதைதான். நல்ல தேக்கு, டிவி ஸ்பீக்கர், பலகை எந்த அளவுக்கு இருந்துச்சோ அந்த அளவுக்கு ஒரு டப்பா, உள்ளுக்குள்ள ஒரு லிட்டர் வந்திருக்கும். மெருகெல்லாம் போட்டு மேசை மேல வச்சு நியூஸ் போட்டேன், வாசிக்கிறவர் அண்டாக்குள்ள தலையை விட்டுப் பேசுற மாதிரி ஒரு கும்முனு சத்தம், பாட்டுல எந்த பேஸ் நோட் வந்தாலும் அந்த ஒரே கும் தான். ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) மாத்துனேன், வயர் மாத்துனேன், உள்ள பஞ்சு அடைச்சேன், ஒண்ணும் மாறல. ரொம்ப நாள் கழிச்சு அந்த ஸ்பீக்கரை அளந்து பாத்தப்பதான் காரணம் தெரிஞ்சுச்சு, க்யூடிஎஸ் 1.1 இருந்துச்சு. அது என்னன்னு இப்ப சொல்றேன், மத்த கணக்கெல்லாம் இதுலதான் நிக்கிது.

ஸ்பீக்கர் கோன் ஒரு ஸ்பிரிங்ல தொங்குற எடை மாதிரி. தட்டி விட்டா ஒரு குறிப்பிட்ட ஃப்ரீக்வென்சில ஆடும், அதுக்கு எஃப்எஸ்னு பேரு. ஆடுனது எம்புட்டு சீக்கிரம் அடங்குதுங்கிறதுதான் க்யூடிஎஸ். காந்தம் பலமா இருந்தா சீக்கிரம் அடங்கும், நம்பர் சின்னதா வரும். டிவி ஸ்பீக்கர்ல பெரும்பாலும் காந்தம் சின்னது, அதனால நம்பர் பெருசு. மூணாவது வாஸ், கோனைத் தாங்கிப் பிடிக்கிற சஸ்பென்ஷன் எம்புட்டு இளக்கமோ அதே இளக்கம் எத்தனை லிட்டர் காத்துக்கு இருக்குங்கிற கணக்கு. இந்த மூணு நம்பரை வச்சு டப்பா போடுற முறையை 1961ல ஆஸ்திரேலியாவுல நெவில் தீல் எழுதுனாரு, 1970கள்ல ரிச்சர்ட் ஸ்மால் அதை விரிவாக்குனாரு. அதுனாலதான் இதுக்கு தீல்-ஸ்மால் அளவுன்னு பேரு.

மூடுன டப்பாவுல ஸ்பீக்கரை மாட்டுனா உள்ள இருக்கிற காத்தும் ஒரு ஸ்பிரிங்கா சேந்துக்கிது. அதனால எஃப்எஸ்ஸும் ஏறும், க்யூவும் ஏறும், ரெண்டும் ஒரே விகிதத்துல ஏறும். கடைசியா டப்பாவோட சேத்து வர்ற க்யூ 0.7 கிட்ட இருந்தா பேஸ் சமமா வந்து ஒழுங்கா இறங்கும், 1க்கு மேல போனா கும்முன்னு தூக்கும். இப்ப பாருங்க, டப்பா க்யூவை ஏத்தத்தான் செய்யும், இறக்காது. ஸ்பீக்கரே 1.1 இருந்தா எந்த மூடுன டப்பா போட்டாலும் 0.7 வராது, பீரோ சைசுக்கு கட்டுனாலும் வராது. எனக்கு நடந்தது அதுதான்.

அதனால முதல் வேலை உங்க டிவி ஸ்பீக்கரை அளக்கிறது. ஆயிரக்கணக்குல மெஷின் வாங்க வேணாம். போன்ல ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப், ஒரு சின்ன ஆம்ப், ஒரு 100 ஓம் ரெசிஸ்டர், ஒரு மல்டிமீட்டர், இது போதும். மீட்டர் ஏசில மில்லிவோல்ட் காட்டணும், ஏசிக்கு 200 வோல்ட் ரேஞ்ச் மட்டும் இருக்கிற மலிவு மீட்டர் இதுக்கு ஆகாது. ஆம்ப் அவுட்புட்ல ரெசிஸ்டரை வரிசையா போட்டு அதுக்கு அடுத்து ஸ்பீக்கரை கொடுங்க. ஸ்பீக்கரை மேசைல படுக்க வைக்காம காத்துல நிமுத்திப் பிடிக்கிற மாதிரி எதுலயாவது கட்டுங்க. டோனை 30 ஹெர்ட்ஸ்லேர்ந்து மெதுவா ஏத்திக்கிட்டே ஸ்பீக்கர் முனையில வோல்டேஜ் பாருங்க, ஒரு இடத்துல விறுவிறுன்னு ஏறி உச்சிக்குப் போயி திரும்ப இறங்கும். அந்த உச்சிதான் எஃப்எஸ். எந்த ஃப்ரீக்வென்சிலயும் ஸ்பீக்கர் வோல்டேஜை ரெசிஸ்டர் வோல்டேஜால வகுத்து 100ஆல பெருக்குனா அந்த இடத்துல ஸ்பீக்கர் காட்டுற தடை, அதாவது இம்பிடன்ஸ், ஓம்ல வந்துரும்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுறேன். மீட்டர்ல ஓம் பாத்தா 6 காட்டுது, 8 ஓம் ஸ்பீக்கர் டிசில ஆறு ஏழுதான் காட்டும், அது சரியான விஷயம்தான். உச்சி 100 ஹெர்ட்ஸ்ல, அங்க இம்பிடன்ஸ் 54 ஓம்னு வச்சுக்குவோம். 54ஐ 6ஆல வகுத்தா 9, அதோட வர்க்கமூலம் 3. இப்ப 6ஐ 3ஆல பெருக்கி 18 ஓம் வர்ற இடம் உச்சிக்கு ரெண்டு பக்கமும் எங்கன்னு தேடுங்க, கீழ 72 ஹெர்ட்ஸ், மேல 139 ஹெர்ட்ஸ்னு வருது. வித்தியாசம் 67. 100ஐ 3ஆல பெருக்கி 67ஆல வகுத்தா 4.48, அதை 9ஆல வகுத்தா 0.5. க்யூடிஎஸ் 0.5, நல்ல ஸ்பீக்கர். வாஸ் கண்டுபிடிக்க உள்ளளவு சரியா ஒரு லிட்டர் வர்ற மாதிரி கழிவு பிளைவுட்ல ஒரு டப்பா அடிச்சு, காத்து ஒழுகாம அதுல ஸ்பீக்கரை மாட்டி, திரும்ப உச்சி எங்க வருதுன்னு பாருங்க. 173 ஹெர்ட்ஸ்ல வந்தா, முன்ன வந்த 100ஆல வகுத்தா 1.73, அதோட வர்க்கம் 3, ஒண்ணைக் கழிச்சா 2, அப்ப வாஸ் 2 லிட்டர்.

வாஸ் கண்டுபிடிக்க கோன்ல எடை வச்சு அளக்கிற முறையும் இருக்கு. ஆர்இடபிள்யூன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் அதை அழகா பண்ணித் தரும், ஆனா அதுக்கு ரெண்டு சேனல் லைன் இன் இருக்கிற சவுண்ட் கார்டு வேணும். அந்த முறைல போறதா இருந்தா ஒரு ரூபா காசை கோன்ல வச்சுராதீங்க. இப்ப வர்ற காசு காந்தத்துல ஒட்டுற ஸ்டீலு, ஸ்பீக்கர் காந்தம் அதை உள்ள இழுத்து அளவே பொய்யாயிரும், கோனும் நசுங்கும். பிள்ளைங்க விளையாடுற களிமண்ணுல ஒரு சின்ன உருண்டை எடுத்து, தெரிஞ்ச நகைக்கடை தராசுல எடை போட்டு வாங்கிக்கங்க, பாயிண்ட்ல சுத்தமா சொல்லிருவாங்க.

இப்ப டப்பா. வாஸ் 2, க்யூடிஎஸ் 0.5, நமக்கு வேண்டியது 0.707. 0.707ஐ 0.5ஆல வகுத்து வர்க்கம் போட்டா 2, ஒண்ணு கழிச்சா 1, வாஸ்ஸை அதால வகுத்தா 2 லிட்டர். அம்புட்டுதான் டப்பா. பேஸ் 141 ஹெர்ட்ஸ் வரைக்கும் சமமா வந்து, அங்க 3 டெசிபெல் குறைஞ்சு, அதுக்குக் கீழ மெதுவா இறங்கும். சுவரை ஒட்டுன மேசைன்னா இன்னும் கொஞ்சம் கீழ கேக்கும். பேச்சு, வீணை, புல்லாங்குழல், பழைய சினிமா பாட்டு எல்லாத்துக்கும் இது போதும். தவில் தொப்பிப் பக்கம் நெஞ்சுல இடிக்கணும்னா 3 இன்ச் கோனால ஆகாது, அதை ஈக்வலைசர்ல தூக்கி வாங்கிரலாம்னும் நெனைக்காதீங்க. அதே சத்தத்தை ஒரு ஸ்தாயி கீழ கொண்டுபோக கோன் நாலு மடங்கு தூரம் ஆடணும், 12 டெசிபெல் தூக்குனா பவர் 16 மடங்கு. என் பட்டறைக்கு வர்ற சின்ன ஸ்பீக்கர்ல பாதிக்கு மேல இப்படி காயில் கருகி வர்றதுதான்.

குழாய் வைக்கிறதைப் பத்தி கேட்டீங்க, டப்பாக் காத்தை அது வழியா ஆட விட்டு பேஸைத் தூக்குறதுக்குத்தான் அது. க்யூடிஎஸ் 0.4 பக்கம் இருந்தா குழாய் நல்லா உதவும், 0.5க்கு மேல போனா மூடுன டப்பாதான் நல்லது. 3 லிட்டர் டப்பாவை 80 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் பண்ண 2.5 செ.மீ. உள்விட்டம் இருக்கிற பிவிசி பைப் சுமார் 6 செ.மீ. நீளம் வேணும், கணக்கு அப்படி வருது. ஆனா நம்ம ஊர்ல இன்னொரு காரணத்துக்காகவும் நான் மூடுன டப்பாவைத்தான் சொல்லுவேன். கானாடுகாத்தான்ல ஒரு ஆச்சி வீட்டுக்கு குழாய் வச்ச ஜோடி ஒண்ணு கட்டிக் கொடுத்தேன். ஆறு மாசம் கழிச்சு ஒரு பக்கம் மட்டும் பேஸ் போயிருச்சுன்னு கூப்பிட்டாங்க, போய் குழாய்க்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்தா குளவி மண்கூடு கட்டி வாயை அடைச்சு வச்சிருக்கு. வீடு வருஷத்துல பாதி நாள் பூட்டிக் கிடக்கும், குளவிக்கு அது மாதிரி ஓட்டை கிடைச்சா விடுமா. அப்படியும் குழாய்தான் வேணும்னா வாய்க்கு உள்பக்கமா கொசுவலை ஒட்டிருங்க.

ட்வீட்டர் வேணாம், இந்த முதல் ஜோடிக்கு வேணவே வேணாம். 3 இன்ச் ஒத்தை ஸ்பீக்கர் எட்டு, பத்து கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் நேரா முன்னாடி உக்காந்தவனுக்கு ஓரளவு போதுமான அளவு கொடுத்துரும், மேசைல நீங்க நேரா முன்னாடிதானே இருக்கப்போறீங்க. ட்வீட்டர் வச்சா ரெண்டு ஸ்பீக்கருக்கும் சத்தத்தைப் பிரிச்சுக் கொடுக்கிற கிராஸ்ஓவர் வேணும், கிராஸ்ஓவருக்கு அளக்கிற மைக் வேணும், புஸ்தகத்து ஃபார்முலால 3 கிலோஹெர்ட்ஸுக்கு 6.6 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்னு போட்டுட்டா ஆகாது, ஸ்பீக்கர் எங்கயும் ஒரே மாதிரி 8 ஓமா நிக்காது.

கிராஸ்ஓவர் வேணாம்னாலும் ஒரு சின்ன சர்க்யூட் மட்டும் போட்டுக்கங்க, நெறைய பேர் இதை விட்டுட்டு ஸ்பீக்கர் கீச்சுன்னு கேக்குதுன்னு வருத்தப்படுறாங்க. சின்ன டப்பாவுல மேல் ஸ்தாயி சத்தம் மட்டும் முன்பலகைல பட்டு முன்னாடி வருது, கீழ் ஸ்தாயி சத்தம் டப்பாவைச் சுத்தி பின்னாடியும் போயிருது. முன்பலகை அகலத்தை மீட்டர்ல எடுத்து 115ஐ அதால வகுத்தா இந்த மாற்றம் நடக்கிற இடம் வரும், 14 செ.மீ. அகலம்னா சுமார் 820 ஹெர்ட்ஸ். முழுக்க 6 டெசிபெல் வித்தியாசம், பின்னாடி சுவர் இருந்தா பாதி பக்கம் ஈடு கட்டுனாப் போதும். ஒரு மில்லிஹென்றி காயிலும் 3.9 ஓம் 10 வாட் ரெசிஸ்டரும் பேரலலா (ரெண்டோட முனைகளையும் சேத்து) இணைச்சு, ஸ்பீக்கர் பிளஸ் வயர்ல வரிசையா போடுங்க, மேல் பக்கம் மூணரை டெசிபெல் இறங்கி குரல் உடம்போட கேக்கும். காயில் கிடைக்கலைன்னா மோட்டார் காயில் கட்டுற கடைல எனாமல் கம்பி எடைக்குத் தருவாங்க, கூடவே சுத்திக்கிட்டு மில்லிஹென்றி காட்டுற மீட்டர்ல பாத்து அவிழ்த்து அவிழ்த்து சரி பண்ணிக்கலாம்.

இனி பலகைக்கு வருவோம், எனக்கு ரொம்பப் பிரியமான இடம் இது. முதல்ல ஒண்ணு, அந்தப் பலகைல செதுக்கு வேலை ஏதும் இருந்தா தயவுசெஞ்சு அறுக்காதீங்க, அப்படியே வைங்க. பலகை பத்தலைன்னா காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய வீட்டு மரச்சாமான் கடைகள்ல துண்டு கேட்டுப் பாக்கலாம். வெறும் பலகைதான்னா அறுக்கிறதுக்கு முன்னாடி செத்துப்போன ஸ்பீக்கர் ஒண்ணோட காந்தத்தை ஒரு நூல்ல கட்டி பலகை மேல ஒரு விரல் உயரத்துல மெதுவா ஓட்டுங்க. பழைய ஆணி உள்ள முறிஞ்சு கிடக்கும், மேல பாத்தா கருப்பா ஒரு புள்ளிகூடத் தெரியாது, ஆனா காந்தம் சட்டுனு அந்த இடத்துல இழுத்து நிக்கும். சாக்பீஸ்ல வட்டம் போட்டு எல்லாத்தையும் பிடுங்கிட்டுத்தான் ஆசாரிகிட்ட கொடுக்கணும், இல்லைன்னா இழைப்புளி போயிரும், கோவிச்சுக்குவாரு. ஆணி அறுபட்ட இரும்புத்தூள் கிடக்கிற இடத்துக்கு நல்ல ஸ்பீக்கரைக் கொண்டு வராதீங்க, காந்த இடுக்குல ஒரு துகள் போனா கர்ருங்கும், எடுக்கிறது பெரும்பாடு.

நாலு பக்கமும் தேக்கு போடுங்க, மரத்தோட ரேகை டப்பாவைச் சுத்தி ஓடுற மாதிரி, அதாவது பக்கப்பலகைல மேலிருந்து கீழ, மேல்பலகைல இடமிருந்து வலம். அப்பதான் ஐப்பசி கார்த்திகை ஈரத்துல மரம் ஊதுனாலும் முன்பின்னா மட்டும் நாலும் ஒண்ணா ஊதும், மூலை விடாது. முன்பலகையும் பின்பலகையும் 12 எம்எம் பிளைவுட், தண்ணி தாங்குற பிடபிள்யூஆர் கிரேடு. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செஞ்ச பலகை) வேணாம், கழுவித் தொடைக்கிற தரைல ஒரு தடவை கீழ வச்சாப் போதும், அடி ஊறிப் புட்டு மாதிரி உதிரும். தேக்குல எண்ணெய் இருக்கும், அதனால இழைச்ச அன்னைக்கே தின்னர்ல தொடைச்சு ஒட்டிருங்க. ஒரு வாரம் போட்டுட்டு ஒட்டுனா பசை பிடிக்காது.

உள்ளளவு அகலம் 11, உயரம் 16, ஆழம் 12 செ.மீ.ன்னு வச்சா 2112 சி.சி. வருது, காந்தம் அடைக்கிற இடம் போக சரியா 2 லிட்டர். 15 எம்எம் தேக்குன்னா வெளி அகலம் 14. மூணு அளவும் ஒண்ணா வர்ற மாதிரி கனசதுரமா மட்டும் கட்டாதீங்க, உள்ள ஒரே ஃப்ரீக்வென்சி எல்லாப் பக்கமும் மோதி நிக்கும். ஸ்பீக்கர் விளிம்புலயும் பின்பலகை விளிம்புலயும் மெல்லிசா ஃபோம் டேப் ஒட்டுங்க, வயர் வர்ற ஓட்டைய சிலிக்கான்ல அடைங்க. காத்து ஒழுகுதான்னு பாக்க கோனை விரலால மெதுவா உள்ள அழுத்தி விடுங்க, தயங்கி மெதுவா வெளிய வந்தா டப்பா நல்லா மூடியிருக்கு. உள்ள தலையணைக்குப் போடுற பாலியஸ்டர் பஞ்சு பாதி அளவுக்கு லேசா பிரிச்சுப் போடுங்க. வீட்ல இலவம்பஞ்சு இருந்தா அதுவும் வேலை செய்யும், ஆனா மெல்லிசு துணில தச்சுப் போடணும், இல்லைன்னா பறந்து போயி கோனுக்குப் பின்னாடி ஒட்டிக்கும். முன்னாடி மூட பழைய கண்டாங்கித் துணி போடலாமான்னும் ஒருத்தர் முன்ன கேட்டாரு, கட்டம் பாக்க அழகாத்தான் இருக்கும். துணியை வாய்க்கிட்ட வச்சு ஊதிப் பாருங்க, மூச்சு தடையில்லாம அந்தப் பக்கம் கைல பட்டா போடலாம். நெருக்கமா நெய்த கண்டாங்கில பெரும்பாலும் படாது, பல வருஷம் கட்டித் தொவைச்சு நைஞ்ச சேலைன்னா சில சமயம் படும்.

ஆம்புக்கு டிபிஏ 3116 சிப் போட்ட சின்ன போர்டு ஒண்ணு போதும். 12 வோல்ட் அடாப்டர்ல 8 ஓமுக்கு ஒன்பது வாட் பக்கம் வரும், ஒரு கை தூரத்துல உக்காந்து கேக்கிறதுக்கு ஒரு வாட்டே ஜாஸ்தி. ஒண்ணு மறந்துராதீங்க, இந்த மாதிரி ஆம்ப்ல ரெண்டு பக்க மைனஸ் வயரையும் ஒண்ணா முறுக்கக் கூடாது, மைனஸ்லயும் சிக்னல் ஓடுது, சிப் போயிரும். பிளஸ் எதுன்னு ஸ்பீக்கர்ல அழிஞ்சிருந்தா ஒரு பென்சில் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்க, கோன் வெளிய வந்தா பேட்டரி பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். ஒண்ணு மட்டும் மாறிப் போச்சுன்னா குரல் நடுவுல நிக்காது, பேஸும் காணாமப் போயிரும்.

கடைசியா வைக்கிற இடம். ஆத்தங்குடிக் கல்லுத் தரை, வழவழன்னு தேச்ச சுண்ணாம்புச் சுவரு, உசந்த கூரை, நம்ம வளவு வீட்ல கை தட்டுனா சத்தம் சுத்திட்டு வரும். அதுல பெரிய ஸ்பீக்கர் வச்சு தூரத்துலேர்ந்து கேட்டா பாட்டு கரைஞ்சுரும். அதனாலதான் மேசை ஸ்பீக்கர் நம்ம வீடுகளுக்கு ரொம்பப் பொருத்தம்னு நான் சொல்றது, 70 செ.மீ. தூரத்துல நேரா வர்ற சத்தம் முந்திக்கும். ஆனா மேசைப் பலகையே ஒரு கண்ணாடி மாதிரி சத்தத்தைத் திருப்பும். கோன் மேசைலேர்ந்து 15 செ.மீ. உயரம், உங்க காது 45 செ.மீ. உயரம்னா, பட்டுத் திரும்பி வர்ற சத்தம் 16 செ.மீ. கூட நடந்து வருது, 1,100 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழும், குரல் ஒல்லியாத் தெரியும். மேசைல ஒரு முகக்கண்ணாடியைப் படுக்க வச்சு நகத்திக்கிட்டே போங்க, உங்க இடத்துலேர்ந்து பாக்கையில எந்த இடத்துல கண்ணாடிக்குள்ள ஸ்பீக்கர் தெரியுதோ அதுதான் சத்தம் படுற இடம், இந்த அளவுக்கு ஸ்பீக்கர்லேர்ந்து 17 செ.மீ. முன்னாடி வரும். அந்த இடத்துல மேசையே இல்லாத மாதிரி ஸ்பீக்கரை முன்விளிம்புக்கு இழுத்து வைங்க, முடியலைன்னா அடில ஒரு மரத்துண்டு கொடுத்து முகத்தைப் பாத்து சாய்ச்சு வைங்க. நாதஸ்வரம் ஒண்ணு போட்டுக் கேட்டுக்கிட்டே நகத்துங்க, காதைக் குத்தாம அதே நேரம் மழுங்காம கேக்கிற இடம் கைக்குத் தெரியும்.

இப்ப பலகையை ஓரமா நிழல்ல சாத்தி வைங்க, வெயில்ல போட வேணாம். முதல்ல அந்த ரெண்டு ஸ்பீக்கரையும் தனித்தனியா அளந்து எஃப்எஸ், க்யூடிஎஸ், வாஸ் மூணையும் எழுதி அனுப்புங்க, ரெண்டும் ஒத்துப் போகுதான்னு பாத்து அளவு போட்டுத் தர்றேன். க்யூடிஎஸ் 0.7க்கு மேல வந்துச்சுன்னா அந்த ஸ்பீக்கரை விட்டுருவோம், தேக்குக்கு ஏத்த மாதிரி வேற ஜோடி பாக்கலாம்.